கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நிற்கிறதா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்!

மும்முரமாக வேலை பார்த்துக் கொண்டிருப்பீர்கள். திடீரென மவுஸ் பாயிண்டர் நின்றுவிடும். கீ போர்டில் எதைத் தட்டினாலும் அசைவு இருக்காது. பாட்டு ஓடிக் கொண்டிருந்தால் ஒரே சத்தம் "ர்ர்ர்" என்று இழுக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. "ஹேங் ஆயிருச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான். எப்போதாவது ஒரு முறை என்றால் பொறுத்துக் கொள்ளலாம். தினமும் மூன்று முறை என்றால்?

பலரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணி விண்டோஸைப் புதுசா போட்டுருங்க." கோளாறு விண்டோஸில் இருந்தால் இது பலிக்கும். ஹார்டுவேரில் இருந்தால் பலிக்காது. கையில் இருக்கும் ஃபைல்களும் போய்விடும். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று நடந்த பிறகுதான் இந்தப் பாடத்தை நான் கற்றுக் கொண்டேன்.

சிவகாசியில் நடந்தது

சிவகாசியில் அண்ணன் வீடு மாடியில். கீழே ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகம். அந்த ஊரில் இது சாதாரணம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து 1923ல் இங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. இன்று தெருவுக்குத் தெரு அச்சகம், வீடுகளிலும் டி.டி.பி. வேலை. மதினியும் சமையல் முடிந்ததும் மாடி அறையில் உட்கார்ந்து காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் டிசைன் செய்து கொடுப்பார்.

புது வருடக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதனால் ஆனி மாதம் முழுக்க டிசைனர்களுக்குத் தூக்கம் கிடையாது. சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் ஆனியில் மதினியின் கம்ப்யூட்டர் தினமும் உறையத் தொடங்கியது. சர்வீஸ் செய்பவர் வந்தார். "டி டிரைவில் எல்லாம் இருக்கு, பத்திரம்" என்று மதினி சொன்னார். வந்தவர் ஹார்ட் டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை அழித்துப் புதிதாகப் பிரித்து விண்டோஸைப் போட்டுவிட்டுப் போனார். டி டிரைவில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட டிசைன்கள் போயின. மறுநாள் மத்தியானம் போன் வந்தது: "தம்பி, மறுபடியும் நின்னு போச்சுய்யா."

போன ஃபைல்களை மீட்க முடியவில்லை. ஆனால் கோளாறு என்ன என்பதை ஒரு நோட்டுப் புத்தகம் சொல்லிவிட்டது. அந்த முறையைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதல் வேலை: ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்

ஒரு முக்கிய விஷயம். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி டிரைவ், டி டிரைவ் இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தாம். ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள் போல. பீரோ எரிந்தால் இரண்டு தட்டும் எரியும். எனவே டி டிரைவில் வைப்பது பேக்கப் ஆகாது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். கம்ப்யூட்டர் அரை மணி நேரம்தான் ஓடுகிறதா? அந்த அரை மணியில் இதை மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது வேலை: எந்த வகை உறைதல்?

அடுத்த முறை உறையும்போது பவர் பட்டனுக்குப் போகும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

1. கீ போர்டில் கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் விண்டோஸ் உள்ளே உயிருடன் இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராம்தான் சிக்கிக் கொண்டிருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் கோளாறு ஆழமானது; ஹார்டுவேரையோ டிரைவர் புரோகிராமையோ சந்தேகிக்கலாம்.

2. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வந்தால், "நாட் ரெஸ்பாண்டிங்" என்று காட்டும் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். அந்த புரோகிராமில் சேவ் செய்யாதது போய்விடும், மற்றவை தப்பும்.

3. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் வந்து வேலை செய்தால், சிக்கியது கிராபிக்ஸ் டிரைவர்.

எதற்கும் மசியவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

மூன்றாவது வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து ஒவ்வொரு முறை உறையும்போதும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: மணி என்ன, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த புரோகிராம் திறந்திருந்தது, வீட்டில் அப்போது வேறு எந்த இயந்திரம் ஓடியது, ஏதாவது சத்தம் கேட்டதா. ஒரு வாரம் போதும்.

நேரத்தைக் கவனிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் தொடர்ந்து 49.7 நாட்கள் ஓடினால் உறைந்து விடும் கோளாறு இருந்தது. ஆன் ஆனதிலிருந்து மில்லி விநாடிகளை எண்ணும் கணக்கு 32 பிட் எண்ணில் வைக்கப்பட்டிருந்தது. சுமார் 429 கோடியைத் தாண்டியதும் அந்த எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். அத்துடன் கம்ப்யூட்டர் நின்றுவிடும். 1999ல்தான் மைக்ரோசாப்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. நாள் கணக்கு தெரிந்ததும் காரணம் தெரிந்துவிட்டது.

மதினியின் நோட்டில் இருந்தது இதுதான்: காலையில் ஒரு முறைகூட இல்லை. மத்தியானம் இரண்டு முதல் நான்கு மணிக்குள் தினமும் இரண்டு முறை. பெரிய படங்களைத் திறந்திருக்கும் போது மட்டும். பொதுவாக நோட்டு சொல்லும் கதைகள் இவை:

மத்தியானத்தில், அல்லது ஆன் செய்து சற்று நேரம் கழித்து என்றால் வெப்பம்.
நேரம் காலம் இல்லாமல், வெவ்வேறு புரோகிராம்களில் என்றால் ராம்.
ஃபைலைத் திறக்கும்போதும் சேவ் செய்யும்போதும் என்றால் ஹார்ட் டிஸ்க்.
மோட்டார், கிரைண்டர் ஓடும்போது என்றால் மின்சாரம்.
ஒரே புரோகிராமில் மட்டும் என்றால் சாப்ட்வேர்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெப்பமும் தூசியும்

பிராசசரின் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கும் ஃபேனும் அறைக் காற்றைக் கொண்டுதான் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. அறை பத்து டிகிரி சூடானால் உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி சூடாகும். காலையில் 28 டிகிரி இருக்கும் மொட்டை மாடி அறை, சிவகாசி வெயிலில் மத்தியானம் 38 ஆனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய பிராசசர்கள் சூடு அதிகமானால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மிஞ்சினால் அணைந்து விடும். பழைய கிராபிக்ஸ் கார்டுகளிலும் மதர்போர்டின் சுற்றுச் சிப்புகளிலும் அந்த அளவு பாதுகாப்பு இல்லை. அவை தடுமாறும்போதுதான் திரை உறைகிறது.

எச்.டபிள்யூ. மானிட்டர் என்ற இலவச புரோகிராம் வெப்பத்தைக் காட்டும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி என்பது சரி. வேலை செய்யும்போது 80ஐத் தாண்டி நீடித்தால் கவனியுங்கள். 90 என்றால் உடனே கேபினெட்டைத் திறக்க வேண்டும்.

மதினியின் கேபினெட்டைத் திறந்தபோது உள்ளே வெள்ளை மாவு அப்பியிருந்தது. ஆஃப்செட் அச்சில் மை ஈரமாக இருக்கும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும், மை அடுத்த தாளின் பின்புறம் படியாமல் இருக்கவும் ஸ்பிரே பவுடர் தூவுவார்கள். மாவுச் சத்தால் ஆன மிக நுண்ணிய தூள். அதுவும் காகிதத் தூசியும் சேர்ந்து மாடி வரை வந்திருந்தன. ஹீட் சிங்க்கின் இடைவெளிகள் அடைத்துப் போயிருந்தன. கிராபிக்ஸ் கார்டின் சிறிய ஃபேன் சுற்றவே இல்லை. இதற்கு ஃபார்மட் என்ன செய்யும்?

சுத்தம் செய்யும் முறை:

1. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

2. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கி விடுங்கள். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகும் முன் பூமியோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவதும் இதற்குத்தான். இங்கே வண்ணம் பூசாத தண்ணீர்க் குழாய் அல்லது இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, வேலையின் போது கேபினெட்டின் உலோகப் பகுதியையும் அவ்வப்போது தொட்டுக் கொள்ளுங்கள். நம் விரலுக்கே தெரியாத சிறு பொறி ராமைக் கெடுத்துவிடும்.

3. கேபினெட்டை வீட்டுக்கு வெளியே கொண்டு போய், காய்ந்த மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். புளோயர் பயன்படுத்தினால் ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். வேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

4. பல வருடமான கம்ப்யூட்டர் என்றால் பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விடலாம்.

5. திறந்திருக்கும்போதே மதர்போர்டில் நிற்கும் சிறிய உருளைகளைப் பாருங்கள். அவை கெப்பாசிட்டர்கள். மேல் மூடி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் கோளாறு அங்கேதான். 1999 முதல் 2007 வரை வந்த மதர்போர்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் உலகம் முழுக்கத் தொல்லை ஏற்பட்டது. டெல் நிறுவனம் 2005ல் இதற்காக மட்டும் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அந்தக் காலக் கம்ப்யூட்டரை இன்னும் ஓட்டுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ராம்

ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு "க்ளிக்" என்ற சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். பல கம்ப்யூட்டர்கள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி இயக்குங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிச் சோதிக்கும். இன்னும் கடுமையான சோதனை வேண்டுமானால் மெம்டெஸ்ட்86 புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் உள்ளே கோளாறு இருக்கிறது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்துக் கெட்டதைக் கண்டுபிடிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்

கேப்ஸ் லாக் விளக்கு வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் அரை நிமிடம் நின்று நின்று வருகிறது, "டிக் டிக்" என்று சத்தம் கேட்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது என்று பொருள்.

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்து வைக்கும். ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராம் அதைப் படித்துக் காட்டும். ரீஅலகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இவை பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் நாளுக்கு நாள் கூடினால் புதிய டிஸ்க் வாங்க வேண்டியதுதான்.

எச்சரிக்கை: டிஸ்க் மீது சந்தேகம் இருந்தால் முதலில் ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள், பிறகுதான் டிஸ்க்கைச் சரிபார்க்கும் புரோகிராம்களை ஓட்டுங்கள். முழு டிஸ்க்கையும் படிக்கும் சோதனை, தள்ளாடும் டிஸ்க்கைக் கவிழ்த்துவிடும்.

டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் சி டிரைவ் நிரம்பி வழிந்தால் விண்டோஸ் திணறும். ராம் போதாதபோது அது டிஸ்க்கைத்தான் துணை நினைவகமாகப் பயன்படுத்துகிறது. ஏழில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதானால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் தருவது இதுதான்.

மின்சாரம்

கிரைண்டர், தண்ணீர் மோட்டார், கீழே அச்சு இயந்திரம் இவை கிளம்பும் கணத்தில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். இதைத் தாங்கும். கேபினெட்டோடு இலவசமாக வந்த மலிவானது தாங்காது.

யு.பி.எஸ். இருக்கிறதே என்கிறீர்களா? அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடம் கூடத் தாங்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டவே கூடாது.

2012ல் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வாங்கினோம். அதை நம்பிக் கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள், இன்வர்ட்டரின் பின்புறம் யு.பி.எஸ். மோடு என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுக் கொள்ளுங்கள். மின்சாரம் மாறும் இடைவெளி குறையும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை. கரிசல் பூமி கோடையில் காய்ந்து வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்து போகும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. குழியில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இது கம்ப்யூட்டரை விட உங்கள் உயிருக்கு முக்கியம்.

சாப்ட்வேர்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் சாப்ட்வேருக்கு வாருங்கள்.

1. சேஃப் மோடில் சில மணி நேரம் ஓட விடுங்கள். அதில் உறையவில்லை என்றால், ஏதோ ஒரு டிரைவரோ பின்னணியில் ஓடும் புரோகிராமோதான் குற்றவாளி. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் டேப்பைத் திறந்து, தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்து பாருங்கள்.

2. இரண்டு ஆன்டி வைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரே ஃபைலை இரண்டும் பிடித்துக் கொண்டு இழுபறி நடத்தும்.

3. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடிப் பாருங்கள். எந்த நாளில் எது கோளாறானது, எது புதிதாக இன்ஸ்டால் ஆனது என்று நாள்காட்டி போலக் காட்டும். உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

4. டி.டி.பி. செய்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஆயிரக்கணக்கில் தமிழ் ஃபாண்டுகளை இன்ஸ்டால் செய்து வைத்திருந்தால் கோரல் டிராவும் போட்டோஷாப்பும் திணறும். தேவையானதை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்து, டீஃபால்ட் பிரிண்டராக நெட்வொர்க் பிரிண்டர் இருந்து அது அணைந்திருந்தால், அதைத் தேடிக் கொண்டே இந்த புரோகிராம்கள் நின்றுவிடும். மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப். என்பதை டீஃபால்ட் ஆக்கிப் பாருங்கள்.

5. விண்டோஸ் 8 முதல் வரும் பதிப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. முழுதாகப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை கொடுங்கள்.

6. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஆகிய தேதிகளோடு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய விண்டோஸில் புதிய புரோகிராம்களைப் போட்டு அது தடுமாறினால் குறை கம்ப்யூட்டர் மீது இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகு, பேக்கப்பும் கையில் இருந்தால், தாராளமாக ஃபார்மட் செய்யலாம். அது கடைசி மருந்து.

முடிவாக

மதினியின் கம்ப்யூட்டருக்கு ஆன செலவு ஒரு பிரஷ், ஒரு சிறிய ஃபேன், கொஞ்சம் தெர்மல் பேஸ்ட். கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கி மேஜை மேல் வைத்தோம். மாடிப்படிக் கதவை அச்சு ஓடும் நேரத்தில் மூடி வைக்கச் சொன்னேன். இப்போது மாதம் முதல் ஞாயிறு தூசி தட்டுவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. அந்த வருடம் ஆடிப்பெருக்குக்குள் அவரால் பாதி டிசைன்களைத்தான் மறுபடி செய்ய முடிந்தது. மீதிக்கான பணம் போனது போனதுதான்.

அவர் மேஜை டிராயரில் இப்போது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. தினமும் இரவு அதை மாட்டி, காப்பி செய்து, கழற்றி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். உங்கள் கம்ப்யூட்டர் இன்று நன்றாக ஓடிக் கொண்டிருக்கலாம். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும், இன்று இரவு அந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிடுங்கள்.